துபாய்க்குப் போன கசகசா

ஏஜென்ட் ஐயா, ஏழுமலையை ஜெயிலுக்கு அனுப்பியது நீங்கள்தான்.

மற்றவர்களுக்கு விவரம் சொல்கிறேன். ஏழுமலை என் தங்கை அஞ்சலையின் புருஷன். கொத்து வேலைக்கு துபாய் போனவன் அங்கே விமான நிலையத்தைக்கூடத் தாண்டவில்லை. அவன் பையில் அஞ்சலை அரைத்துக் கொடுத்த மசாலாத்தூள் இருந்தது. அதில் கசகசா இருந்தது. நமக்கு அது குருமாவுக்குப் போடுகிற சாமான். அந்த நாட்டில் அது போதைப்பொருள், பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். கூடப் போனவன் போன் செய்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு இது தெரியும்.

இதைக் கேட்கத்தான் இந்த ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, நானும் அஞ்சலையும் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனோம். இருபது கிலோமீட்டர் பயணம். பம்பு செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் நான், எழுத்துப் பழக்கம் இல்லை. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போக நினைப்பவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஏழேகால். பஸ்ஸில் தலைக்கு ஏழு ரூபாய். பக்கத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு உட்கார்ந்த அம்மா எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கோயிலுக்கு என்று அஞ்சலை பொய் சொன்னாள். உண்மையைச் சொல்ல முடியாது. புருஷனுக்குக் கஞ்சா கட்டிக் கொடுத்து அனுப்பினவள் என்று அவள் மாமியாரே குழாயடியில் சொல்லியாகிவிட்டது. ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அதே பேச்சு.

எட்டரை. பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோட்டுக்கு ஆட்டோ. வெள்ளைக்காரர்கள் தங்குகிற பக்கம் என்பதால் நாற்பது கேட்டார், முப்பதுக்கு வந்தார். ஏஜென்ட் ஆபீஸ் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு மேல் மாடியில். பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம். கீழே வாசலில் இங்கிலீஷில் பெரிய போர்டு மாட்டியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று, திரும்பும் சவாரிக்காக நின்ற ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"வெள்ளக்காரங்களுக்குங்க. தண்ணி கொதிக்க வெச்சிக் குடிக்கணும், கொரங்குக்குத் தீனி போடக்கூடாது, மலை மேல தனியா ஏறக்கூடாது, ராத்திரில டார்ச் எடுத்துட்டுப் போகணும், பாம்பு ஜாஸ்தின்னு போட்டிருக்காங்க."

அஞ்சலை அந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொரங்கு வரைக்கும் சொல்லியிருக்காங்கண்ணா" என்றாள்.

பத்து மணி. மாடி ஹாலில் சனிக்கிழமை விமானம் ஏறப்போகிற பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஏஜென்ட் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஏழுமலையோடு நானும் அன்று உட்கார்ந்து கேட்ட அதே வகுப்பு. பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை வீட்டில் வை, கம்பெனி அட்ரஸை அரபியில் எழுதி சட்டைப் பையில் வை, ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு என்று பார். எல்லாம் சரியான பேச்சுதான். பிறகு அதுவும் வந்தது. அங்கே சாப்பாடு வாயில் வைக்க முடியாது, மூன்று மாசத்துக்கு மசாலாத்தூள் எடுத்துப் போங்கள் என்றார்.

வாசலில் நின்றபடியே, கசகசாவைப் பற்றியும் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"யோவ், உங்க வூட்டு மசாலால என்ன போடுவீங்கன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?"

அஞ்சலை முன்னால் வந்தாள். "உங்க வூட்ல குருமாவுக்கு என்னங்க போடுவாங்க?"

ஒரு பையன் சிரித்துவிட்டான். ஏஜென்ட் வாசலுக்கு வந்தார். கம்பெனியில் பேசுவதாகச் சொல்லி எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

பன்னிரண்டு மணி. வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸ். மனு கொடுக்கிற நாள், வெயிலில் நீண்ட வரிசை. மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் அஞ்சலை, தூளை அரைத்ததும் கட்டியதும் தான்தான் என்று எழுதச் சொன்னாள். அவர் பேனாவை நிறுத்தினார்.

"அப்படி எழுதினா கேசு உம்மேல வந்துடும்மா."

"வரட்டும்ங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அந்த நாட்டுக்காரங்களுக்குத் தெரியணும்."

அவர் அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். உள்ளே மனுவை வாங்கினவர் மரியாதையாகத்தான் பேசினார். சென்னைக்குப் போகும், அங்கிருந்து டெல்லிக்குப் போகும், பிறகுதான் தூதரகம், எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். மனு போகிற அந்த வழி முழுக்க எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

மாலை நாலு மணி பஸ். நின்றுகொண்டே வந்தோம். எங்கெங்கிருந்தோ வந்து செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்குக் குரங்கைப் பற்றி எச்சரிக்கை சொல்ல இந்த ஊரில் ஆள் இருக்கிறது. இந்த ஊரை விட்டுப் போகிறவனுக்கு ஒருவரும் இல்லை. போகிறவர்களே, பையில் இருக்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து, அதில் என்னென்ன இருக்கிறது, அந்த நாட்டில் அது ஆகுமா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஏஜென்ட் பேச்சை நம்பாதீர்கள். ஏழுமலை எப்போது வருவான் என்று எனக்குத் தெரியாது. வருவான் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

ஏஜென்ட் ஐயா, கசகசா அங்கே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை? தெரியாது என்றால் எந்தத் தைரியத்தில் வகுப்பு எடுக்கிறீர்கள்? மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு மட்டும் சொல்ல வேண்டாம். கீழ்பென்னாத்தூருக்கு வாருங்கள். அஞ்சலையின் மாமியார் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில், அந்தக் குழாயடியில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.