இரண்டாவது கியரில் இரண்டு டக்

மூன்றாவது தடவையாக அந்த மோட்டார் சைக்கிள் மாட்டு வண்டியில் ஏறி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. கூடவே காதர் பாய், முழங்கையில் கட்டோடு. பின்னால் அவருடைய அண்ணன் இப்ராகிம் பாய், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. ரிப்பேர் செய்து அனுப்பிய வண்டி தெருவே பார்க்கத் திரும்பி வருவதைவிட ஒரு மெக்கானிக்குக்கு மானக்கேடு வேறு கிடையாது.

"மேஸ்திரி, இதான் கடைசி," என்றார் இப்ராகிம் பாய். "குடுமியான்மலை போற மேட்டுல செகண்ட் கியர் கழண்டு, வண்டி பின்னால உருண்டு, இவன் கீழ கெடக்கான். இன்னொரு தடவ கழண்டா வண்டிய வித்துட்டு இவன கடையில ஒக்கார வச்சிருவேன்."

காதர் பாய் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்காது. ஒரு விஷக்காய்ச்சலில் இரண்டு காதும் போயிருந்தன.

சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. புதுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அண்ணனுடைய ஜவுளிக்கடையில் உட்கார்ந்தால் காதர் பாய்க்கு வருகிறவர்கள் கேட்பது புரியாது. அவர்கள் பொறுமை இழப்பது மட்டும் நன்றாகப் புரியும். சந்தையில் அந்தத் தொல்லை இல்லை. துணியை விரித்தால் போதும், மிச்சத்தை விரல்கள் பேசிவிடும். அதற்காகவே யுத்தத்துக்கு முன்னால் வந்த ஒரு பழைய இங்கிலீஷ் வண்டியை வாங்கி, பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அன்னவாசல், இலுப்பூர் என்று சுற்றி வந்தார். வண்டி போனால் மனிதர் மூலையில் முடங்கிவிடுவார். அது எனக்கும் தெரியும்.

அந்த வண்டியில் காலால் கியர் போட முடியாது. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு கை லிவர். அது நகரும் தகட்டில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு வெட்டு. லிவரிலிருந்து ஒரு நீள ராடு கீழே இறங்கி கியர் பாக்ஸைத் தள்ளும். எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புது பிஸ்டன், வால்வு எல்லாம் போட்டுக் கட்டியது நான்தான். கட்டியதிலிருந்துதான் இந்த வியாதி. முதல் தடவை திரும்பி வந்தபோது செகண்ட் கியரின் பற்கள் தேய்ந்துவிட்டன என்று திருச்சியில் தேடி வேறு வாங்கிப் போட்டேன். அடுத்த தடவை கியரைத் தள்ளும் ஃபோர்க்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றினேன். இரண்டு முறையும் நானே ஓட்டிப் பார்த்தேன். குறை சொல்ல முடியாதபடி ஓடியது.

எனக்கு அந்த வயதில் மூக்கின் மேல் கோபம். இப்ராகிம் பாயிடம் வெடுக்கென்று சொன்னேன்: "பாய், வண்டியில ஒண்ணும் இல்ல. தம்பிக்குக் காது கேக்கல. எஞ்சின் சத்தம் தெரியாம, லிவர் முழுசா விழறதுக்குள்ள கைய எடுத்துர்றாரு."

காதர் பாய் என் உதட்டைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "என் காதையா சொல்றீங்க, மேஸ்திரி?" என்று மட்டும் கேட்டார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணன் மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். நான் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்குரூ டிரைவரின் முனையைக் கியர் பாக்ஸிலும் பிடியைக் காதிலும் வைத்து, பின் சக்கரத்தைச் சுற்றி, செகண்ட் போட்டேன். டக் என்று சுத்தமாக விழுந்தது. பத்துத் தடவை போட்டாலும் அதே டக்.

காதர் பாய் என்னை நகரச் சொல்லிச் சைகை காட்டினார். ஒரு உள்ளங்கையைக் கியர் பாக்ஸ் மேல் வைத்தார். மற்றக் கையால் லிவரைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சக்கரத்தைச் சுற்றினேன். அவர் லிவரை மெதுவாக, தூங்கும் பிள்ளையை நகர்த்துவது போல நகர்த்தினார்.

"மேஸ்திரி, இதுல ரெண்டு டக்கு இருக்கு," என்றார். "ஒண்ணு இங்கிட்டு, லிவர் வெட்டுல விழுறது. இன்னுங் கொஞ்சம் அழுத்துனா அங்கிட்டு பொட்டிக்குள்ள ஒண்ணு விழுது. ரெண்டும் ஒண்ணா வரல."

நான் என் கையை வைத்துப் பார்த்தேன். முதலில் தெரியவில்லை. அவர் என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். அப்போது தெரிந்தது. மேலே விழுந்த பெரிய டக்கைக் கேட்டு நான் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே கியர் பாதிதான் பூட்டியிருந்தது. வெறும் ஆளோடு ஓட்டினால் அது தாங்கும். மூட்டையோடு மேடு ஏறினால் கழன்றுவிடும். நான் ஒரு தடவைகூட மூட்டையோடு ஓட்டிப் பார்க்கவில்லை.

ராடைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு நெல்மணி அகலத்துக்கு அது எட்டவில்லை. காரணம் உடனே புரிந்துவிட்டது. நான் சைக்கிள் கடையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். சைக்கிளில் எல்லாம் முடிந்த பிறகு கடைசி வேலையாகச் செயினை இழுத்துக் கட்டுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கியர் ராடை அளந்து பூட்டிவிட்டு, கடைசியில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் செயினை இழுத்தேன். இந்த வண்டியில் அந்தச் செயினை இழுக்க வேண்டுமென்றால் கியர் பாக்ஸையே பின்னால் தள்ள வேண்டும். அது நகர்ந்தால் ராடின் அளவு போச்சு. மூன்று தடவை பிரித்து, மூன்று தடவையும் நானே கெடுத்திருக்கிறேன்.

சாக்பீஸை எடுத்துத் தரையில் எழுதினேன்: 'தப்பு என்னுது. உங்க காது மேல இல்ல.'

அவர் குனிந்து படித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதை அழித்துவிட்டார். "அண்ணன் பாத்தா ஊரெல்லாம் சொல்லிரும். ஒங்க பேரு கெட்டுரும், மேஸ்திரி. சரியாப் பூட்டிக் குடுங்க, போதும்."

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அவர் காதைக் குறை சொல்லி அவர் வண்டியைப் பறிக்கப் பார்த்தவன் நான். அவர் என் பேரைக் காப்பாற்ற நினைக்கிறார்.

செயினை முதலில் இழுத்துக் கட்டி, பிறகு ராடை அளந்து பூட்டினேன். இந்தத் தடவை இரண்டு டக்கும் சேர்ந்தே விழுந்தன. மத்தியானம் இப்ராகிம் பாய் வந்ததும், டீக்கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "பாய், தம்பி மேல எந்தத் தப்பும் இல்ல. நாந்தான் மூணு தடவையும் தப்பாப் பூட்டிருக்கேன். அதக் கண்டுபிடிச்சதும் தம்பிதான்."

இப்ராகிம் பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நல்ல கனத்த சரீரம், இரண்டு மூட்டைக்குச் சமம். தம்பியின் தோளைத் தட்டி, அவர் திரும்பியதும், முகத்துக்கு நேராக நிதானமாகச் சொன்னார்: "மேட்டுக்கு விடுடா."

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். வண்டியை ஓட்டி வந்தவர் காதர் பாய். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ வண்டி பார்த்துவிட்டேன். செயின் முதலில், ராடு பிறகு என்பதை யார் வேண்டுமானாலும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஓட்டுகிறவர் மேல் பழி போடும் முன் அவர் கையைப் பிடித்து 'உங்களுக்கு என்ன தெரியுது?' என்று கேட்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று தடவை அந்த வண்டி திரும்பி வர வேண்டியிருந்தது.