டாக்டர் கேட்டது அவளை

காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் என் மனைவிக்கு விரல்கள் அடிக்கடி மரத்துப்போய் வலித்தன. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார் சேலத்து டாக்டர். ராத்திரியில் மணிக்கட்டு அசையாமல் பட்டை கட்டலாம், ஊசி போடலாம், சின்ன ஆபரேஷனும் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு எதும்மா தோதுப்படும்?" என்று அவளைக் கேட்டார்.

"பறிப்பு முடியட்டுங்க. இப்போதைக்குப் பட்டை போதும்" என்றேன் நான்.

மலைமேல் எங்கள் ஊர் மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் திரும்பும்போது, "ஏம்புள்ள, பேசாமயே வர்ற?" என்றேன்.

"டாக்டர் என்னையத்தானுங்க கேட்டாரு."

பறிப்பு முடிந்து மறுபடி போனபோது அவளே முந்திக்கொண்டு ஆபரேஷன் என்றாள். செய்தபிறகு வலி போய்விட்டது. உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. தள்ளிப்போட்டதால்தான் என்றார் டாக்டர்.

முன்பெல்லாம் என்னோடு பேசிக்கொண்டே பறிப்பாள். பழுத்ததா என்று விரலே சொல்லிவிடும். இப்போது ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துப் பறிக்கிறாள். பேச்சே இல்லை. அன்றைக்கு மூடியிருக்க வேண்டிய வாயை இப்போது மூடிக்கொண்டு, பக்கத்து வரிசையில் நானும் பறிக்கிறேன்.