மொட்டை மாடியில் வாங்கிய திட்டு

வெளிநாட்டு வேலையில் என்ன சுகம் என்று கேட்பவர்களிடம் நான் ஒளிக்காமல் சொல்வேன்: சுகம்தான். ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் மாத்திரை சோதித்துக்கொண்டிருந்தவள் நான். அதே வேலையை ஜெர்மனியில் செய்தால் சம்பளமும் கூட, சாயங்காலத்துக்கு மேல் மேனேஜர் போனும் கிடையாது. பஸ் சொன்ன நேரத்துக்கு வரும். குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். எத்தனை மணிக்கு வெளியே கிளம்பினாலும் ‘எங்கே போற’ என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. கஷ்டம் என்ன என்று கேட்டாலும் அந்தக் கடைசி வரியைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

போன கோடையில் லீவுக்கு ஹைதராபாத் வந்து இறங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்சிக்காரரிடம், “ஏசி நக்கோ பையா”, வேண்டாம் என்று சொல்லி ஜன்னலை இறக்கிவிட்டு, தூசி, ஹாரன், பிரியாணி வாசனை எல்லாவற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டு செகந்திராபாத் வீடு வந்து சேர்ந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்!

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தனையும் புஸ்ஸென்று போயிற்று. அப்பா பாலாநகர் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து அம்மா இந்த ஊரில்தான் இருக்கிறாள். ஆனாலும் வாய் இன்னும் திருநெல்வேலி வாய். எனக்கு அவள் வைத்த பெயர் ‘ஏட்டி’. கோபம் வந்தால் ‘மூதி’. அந்த அம்மா வாசலில் நின்று, “வாம்மா, உக்காரும்மா” என்கிறாள்! கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியைக் கூப்பிடுகிற குரல். எனக்கென்று தனியாகக் கேன் தண்ணீர். என் வயிறு தாங்காதாம், மிளகாயே போடாத ரசம். பீரோவைவிட்டு வெளியே வராத பெட்ஷீட் என் கட்டிலில் விரிந்து கிடந்தது. காபி, சாஸர் வைத்த பீங்கான் கோப்பையில் வந்தது.

“என் டம்ளர் எங்கம்மா?”

“அது நசுங்கிக் கெடக்கும்மா. அதுல போயி ஒனக்குக் குடுப்பாங்களா?”

சரி, திட்டு வாங்கியாவது பார்ப்போம் என்று இறங்கினேன். வெயில் ஏறும்வரை தூங்கினேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டேன். அந்தக் காலத்தில் இதற்கு ஒரு மணிநேரக் கச்சேரி நடக்கும். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது.

“அம்மா என்னைத் திட்டவே மாட்டேங்கிறாப்பா.”

அப்பா பேப்பரை இறக்கவில்லை. “ஹவ்,” என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டார். “நல்லதுதானே. எனக்கு அந்தக் குடுப்பினை இல்லையே.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “அவளும் என்ன செய்வா? நீ வந்துட்டுப் போறவ. இருக்கிற நாலு நாளு மனசு கோணாம இருக்கணும்னு நெனைக்கா.”

வந்துட்டுப் போறவ. விமானம் ஏறுவதற்குள் அம்மாவிடம் உருப்படியாக ஒரு திட்டு வாங்கிவிட வேண்டும், அதைவிட எனக்கு இந்த லீவில் வேறொன்றும் வேண்டாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். கீழ்த் தொட்டியில் பிடித்து, மோட்டர் போட்டு மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றி, நிறைந்ததும் ஓடிப்போய் நிறுத்த வேண்டும். அம்மா போனில் ஊர்க்கதை பேசும்போதும் ஒரு காது மோட்டரில்தான் இருக்கும். நான் ஜெர்மனிக்குத் திரும்ப இருந்த வாரம், அம்மாவும் அப்பாவும் காய்கறி வாங்கப் போயிருந்தபோது தண்ணீர் வந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று மோட்டரைப் போட்டேன். போட்ட கையோடு, கீழ்வீட்டு ஆன்ட்டி கொடுத்த ஆவக்காய் ஊறுகாயை அம்மா எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். தயிர் சோறு, ஆவக்காய். உலகமே மறந்துவிட்டது. தண்ணீர் தானாக வரும் ஊரில் இருந்து இருந்து, மோட்டர் சத்தம் என் காதில் ஏறவே இல்லை.

“அய்யோ, நா மிரபகாயலு!” மாடியில் ஆன்ட்டியின் அலறல்.

ஓடினேன். டேங்க் வழிந்து மாடியெல்லாம் வெள்ளம். ஊறுகாய்க்கென்று ஆன்ட்டி பழைய சேலையில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றல் முழுவதும் சிவப்புச் சிவப்பாக மிதந்து தண்ணீர் வடியும் ஓட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மோட்டரை நிறுத்தக் கீழே ஓடி மறுபடி மேலே வந்தபோது, என் பின்னாலேயே மூச்சிரைக்க அம்மாவும் வந்துவிட்டாள். கையில் காய்கறிப் பை. வெள்ளத்தைப் பார்த்தாள். மிளகாயைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள்.

“ஏட்டி மூதி! காதுல என்னத்த அடைச்சு வச்சிருக்க? மோட்டரப் போட்டா நிறுத்தணும்னு தெரியாதா? இருந்த புத்தியையும் ஜெர்மனியில தொலைச்சிட்டு வந்திருக்கியா? அவங்க மொளகா எல்லாம் மெதக்குது, நீ என்னத்த மென்னுக்கிட்டு நிக்க?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வேறு கொட்டியது. மிளகாய் நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவம், மிளகாயைப் பறிகொடுத்த ஆன்ட்டியே எனக்காகப் பரிந்து வந்தார், விடுங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை என்று தெலுங்கில். அம்மாவுக்குத் தெலுங்கே மறந்துவிட்டது.

“எங்கேருந்து வந்தா என்ன? எம் மகதான இவ!” என்று தமிழிலேயே கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “பல்லக் காட்டிட்டு நிக்காத. குனிஞ்சு பொறுக்கு.”

பொறுக்கினேன். கையெல்லாம் எரிந்தது. அன்று மதியம் ரசத்தில் மிளகாய் இருந்தது. சாயங்காலம் நசுங்கின டம்ளரில் காபியைத் தட்டென்று வைத்துவிட்டுப் போனாள் அம்மா.

இப்போதெல்லாம் ஜெர்மனியிலிருந்து போன் செய்தால் அம்மா முதலில் கேட்பது, “ஏட்டி, மோட்டர நிறுத்திட்டியா?” இந்த ஊரில் எனக்கு ஏது மோட்டர்! “நிறுத்திட்டேம்மா” என்று சொல்லிவிட்டு, எதற்கும் ஒருமுறை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.