சம்பந்தியைத் தாழ்த்திய நாற்காலி

வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறவன் கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டுவதைப் பார்ப்பதில்லை. யார் எந்த நாற்காலியைப் பின்னால் சாய்த்து ஆட்டுகிறார்கள் என்றுதான் பார்ப்பான். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கெடு

எண்பதுகளில் பாப்பாரப்பட்டியில் எனக்குக் கடை. தருமபுரியிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் இன்ஜினியர் தன் மடக்குச் சாய்வு நாற்காலியை என்னிடம் தள்ளிவிட்டார். வெளிநாட்டு மாடலைப் பார்த்து, முப்பது வருடத்துக்கு முன் பம்பாயில் செய்ததாம். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், துடுப்பு போல வளைந்த கைகள். ஓர் ஆணிகூட வெளியே தெரியாது. மடித்தால் சுவரோடு சுவராக நிற்கும். மாப்பிள்ளை வீட்டாருக்கான மரியாதை நாற்காலி இதுதான் என்று முடிவு செய்தேன். என் மனைவி ராஜம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இந்தத் தை, மாசி முகூர்த்தம் முடியறதுக்குள்ள ஒருத்தராவது இத நல்லாயிருக்குதுன்னு சொல்லட்டும். இல்லைன்னா அடுப்புக்குத்தானுங்க."

சம்பந்தி

முதல் கல்யாணம் அதியமான்கோட்டையில். பெண்ணின் அப்பா சம்பந்தியைக் கைபிடித்து அழைத்துவந்து அதில் உட்காரவைத்தார். நாற்காலி தாழ்வானது என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சுற்றிலும் பெண் வீட்டார் இரும்பு நாற்காலிகளில் உயரமாக இருக்க, சம்பந்தியின் முழங்கால் அவர் மீசைக்கு நேராக நின்றது. சந்தனக் கிண்ணத்தைக் குனிந்து நீட்டினார்கள். அவர் அண்ணாந்து பார்த்து அமைதியாகக் கேட்டார்:

"பொண்ணு குடுத்தவங்க மேல, எடுத்தவன் கீழயா? இதுதான் உங்கூரு வழக்கங்களா?"

தலைவர்

அடுத்து ஒரு பொதுக்கூட்டம். மேடையில் மேசை, மேசைமேல் மாலைக் குவியல். பின்னால் என் நாற்காலியில் சாய்ந்த தலைவர் அப்படியே மறைந்துபோனார். பேச அழைத்தபோது இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அதுவரை முன்வரிசை விவசாயி ஒருவர் என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார்:

"தலைவரு எப்பங்க வருவாரு? மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

பாய்

மாசிக் கடைசி. வீட்டில் ராஜம்மா கொடுவாளைத் தீட்டிவைத்துவிட்டாள். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்த பாய் ஒருவரின் மகளுக்கு நிக்காஹ். மூன்று நாளாகக் கண்மூடாமல் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தவரை, இரண்டு நிமிடம் இந்த நாற்காலியில் உட்காருங்கள் என்றேன். சாய்ந்தார், குறட்டை வந்துவிட்டது. மாப்பிள்ளை வந்தார், நிக்காஹ் ஓதும் ஹஜ்ரத்தும் வந்தார். மகள் சார்பில் சம்மதம் சொல்லவேண்டிய தகப்பன் வாய் திறந்தபடி கிடந்தார். எழுப்பப் போன கொழுந்தனைப் பாயின் மனைவி தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. பிரியாணிக்கு இன்னும் தம் போடல. இவரு எந்திரிச்சா அதுலயும் கைய வெப்பாரு."

கடைசியில்

விழித்தெழுந்த பாய், பிரம்பைத் தடவி, நல்ல நாற்காலி என்று சொன்னார். நாற்காலியோடு வீட்டுக்கு ஓடி அதை ராஜம்மாவிடம் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் சொன்னது செல்லாது என்றாள். கல்யாண வீடுகளிலிருந்து திரும்பிய அண்டாக்களைக் காலையிலிருந்து தேய்த்த இடுப்போடு, தானே சோதிப்பதாகச் சொல்லி உட்கார்ந்து சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது ஒருவர் வாசலில் நின்று, அந்தப் பிரம்பு நாற்காலி நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். ராஜம்மா அதில் கிடந்தபடியே, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"அது வெளிய போயிருக்குதுங்க."

திரும்பி வராத வாடகைச் சாமான்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வீட்டைவிட்டே போகாமல், அவள் இருந்த காலம்வரைக்கும் திரும்பி வராதது அது ஒன்றுதான்.