மேல் தட்டுக்கு எட்டாத கை

மலேசியாவின் கிள்ளானில் ஒரு சேலைக்கடையில் மேல் தட்டு என் பொறுப்பு. அலமாரி கூரை வரை போகும். ஏணியில் ஏறி, கேட்ட பெட்டியை இறக்கி, கீழே நிற்கும் விற்பனைப் பெண்ணிடம் கொடுத்தால் என் வேலை முடிந்தது. வாடிக்கையாளர் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. அவர்களும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பல வருடமாகக் கடைக்கு வருகிற பெண்கள்கூட என்னைத் தெருவில் கண்டால் யாரென்று தெரியாமல் போவார்கள். முதுகைக் காட்டி நின்றால் ஒருவேளை தெரியலாம். கூச்சம் உள்ளவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. வலது கை தோள் உயரத்துக்கு மேல் போக மறுத்தது. ஒருநாள் ஏணியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். மேலே கை எட்டவில்லை, யாரையும் கூப்பிடவும் வெட்கம். சாப்பாட்டு நேரத்தில்தான் என்னைக் கவனித்தார்கள்.

முதலாளி என்னைவிட இளையவர், நல்ல மனிதர். அந்த நல்ல மனதோடுதான் சொன்னார்.

"கை முடியலன்னா பரவால்லண்ணே. தீபாவளி வருது, நீங்க வாசல்ல நில்லுங்க. மைக் வாங்கித் தரேன். 'வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க'ன்னு கூப்பிட்டா போதும்."

மைக் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இடது கையும் வலித்தது. வியாபாரம் சூடுபிடிப்பதற்குள் கையைச் சரிபண்ணிக்கொள்கிறேன் என்று கெஞ்சிவிட்டு, அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே பிசியோ பார்ப்பவர் ஒரு தமிழ்ப் பிள்ளை. கையைத் தூக்கச் சொன்னார். தோள் காது வரை ஏறியது, கை ஏறவில்லை. ஒரு தாளில் முதுகை வரைந்து காட்டினார்.

"இது ஒரே தசைதான் அங்கிள். கழுத்துல ஆரம்பிச்சு நடுமுதுகுக்குக் கீழ வரைக்கும் பட்டம் மாதிரி விரிஞ்சிருக்கு. உங்களுக்கு மேல இருக்கறது மட்டும் எல்லா வேலையும் பாக்குது. நடுவுல இருக்கறதும் கீழ இருக்கறதும் தூங்குது. அதுங்கள எழுப்பணும்."

எங்கள் கடையில் இது நேர்மாறு என்று நினைத்தேன்.

பயிற்சி எளிமையானதுதான். குப்புறப் படுத்து, நெற்றிக்கடியில் மடித்த துணி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஒய் எழுத்துபோல நீட்டி, கட்டைவிரல் கூரையைப் பார்க்கும்படி, தரையிலிருந்து மெல்லத் தூக்கி நிறுத்த வேண்டும். அது கீழ்ப் பகுதிக்கு. பிறகு கைகளைப் பக்கவாட்டில் நீட்டி டி. அது நடுப் பகுதிக்கு. கடைசியாக முழங்கையை மடக்கி டபிள்யூ.

"தோள காதுகிட்ட விடாதீங்க. தோள்பட்ட எலும்பு ரெண்டையும் பேன்ட் பின்பாக்கெட்டுல போடற மாதிரி கீழ இழுங்க."

"கைலி கட்டியிருந்தா?" என்று கேட்டேன். கேலி இல்லை. வீட்டில் நான் கைலிதான்.

கொஞ்சம் யோசித்தார். "பாக்கெட் இருக்குன்னு நெனச்சுக்குங்க அங்கிள்."

பக்கத்து ஊரான மேருவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டி போட்டால் ஒரு கை சோபாவுக்கடியில் போகும், இன்னொரு கை சமையலறை வாசலை மறிக்கும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கடை ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுப் படுத்தேன். ஓர் ஆள் நீளத்துக்கு அங்கே இடம் இருந்தது லட்சுமி படத்துக்கு நேர் எதிரில் மட்டும்தான். சாமிப் பக்கம் கால் நீட்ட முடியுமா? அதனால் தலையை அந்தப் பக்கம் வைத்தேன்.

ரவிக்கை தைக்கும் அக்கா நூல் எடுக்க வந்தபோது, நான் லட்சுமிக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்து, கையைப் படத்தை நோக்கி உயர்த்தி, நடுங்கிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

மறுநாள் நான் படுக்கிற இடத்தில் அட்டைக்குப் பதில் புதுப் பாய். அதற்கடுத்த நாள் படத்துக்கு மல்லிகைச் சரம். பிறகு யாரோ ஊதுவத்தி ஏற்றினார்கள். புகை மூக்கில் ஏறியதில், டி போட்டபடியே இருமினேன். சரக்கு இறக்க வந்த லோரி டிரைவர் வாசலில் நின்று பார்த்தார். அவர் கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரர்.

"அண்ணே, இந்த போஸ் எங்க சாமியோடது லா," என்றார். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

டபிள்யூவுக்கு வந்தேன்.

"இது போலீஸ் புடிக்கறப்ப செய்யறது," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இறக்கினார்.

அக்காவைத் தனியே பார்த்து உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தேன். ஒரு பெண்ணிடம் நானாகப் போய்ப் பேச எனக்குப் பெரிய துணிச்சல் வேண்டும்.

"அக்கா, நான் கும்பிடல. இது பிசியோ. முதுகுக்கு."

"தெரியுது தம்பி. வெளிய சொல்லக்கூடாதுல்ல," என்று குரலைத் தாழ்த்தினார். "நேத்து எண்ணிக்கிட்டே வந்து எட்டுல நிறுத்திட்டீங்களே, ஏன்?"

"வலிச்சுச்சு."

"எட்டு," என்று தலையாட்டினார். "அப்புறம்?"

"அப்புறம் மூணுதான் முடிஞ்சது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அன்று சாயங்காலமே எட்டு, மூன்று, அவருடைய வீட்டு எண் எல்லாவற்றையும் சேர்த்து நாலு நம்பர் லாட்டரி எடுத்தார். அதற்கு ஆறுதல் பரிசு விழுந்தது. எனக்கு எந்த ஆறுதலும் இல்லை. அந்த வாரம் தொட்டு, கடைக்கு வருகிறவர்கள் சேலை பார்ப்பதற்கு முன்னால், "அந்தச் சாமி அண்ணன் எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

முதலாளி இதைக் கவனித்தார். புது மைக் வந்துவிட்டது. பெட்டிகூடப் பிரிக்கவில்லை.

"சனிக்கிழமைலேர்ந்து வாசல்ல நில்லுங்கண்ணே. பேசக்கூட வேணாம். சும்மா நின்னாலே போதும்."

பேசாமல் நிற்பது இன்னும் மோசம். எல்லோரும் முகத்தையே பார்ப்பார்கள். மீதி இருந்த நாட்களில் ஒய், டி, டபிள்யூ மூன்றையும் வெறியோடு செய்தேன். பாயைச் சுற்றி ஆட்கள் நின்றாலும் நிறுத்தவில்லை. என்னிடம் இல்லாத பின்பாக்கெட்டில் எலும்பு இரண்டையும் திணித்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை கடை நிறைந்திருந்தது. முதலாளி மைக்கை என் கையில் கொடுத்தார். நான் அதை மேசைமேல் வைத்துவிட்டு ஏணியில் ஏறினேன்.

"அண்ணே, கை..." என்றார் அவர்.

தோளைக் காதிடம் விடவில்லை. முதுகின் நடுவில், பல மாதமாக யாரும் இல்லாத இடத்தில், யாரோ எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கை போனது. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, மேல் தட்டு வரை போனது. பெட்டியோடு இறங்கியபோது கடையே ஏணியைச் சுற்றி நின்றது. பின்னால் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லோரும் மேல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். வியாபாரம் தெரிந்தவர். அன்று மதியத்துக்குள், பல தீபாவளியாகப் போகாமல் கிடந்த சரக்கெல்லாம் மேல் தட்டுக்கு ஏறிவிட்டது.

அதிலிருந்து நான் மறுபடியும் சுவரைப் பார்த்து நிற்கிறேன். அன்று சாயங்காலம் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஓர் அம்மா, விற்பனைப் பெண்ணை விலக்கிவிட்டு ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.

"மேலேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுங்க தம்பி."

"என்ன கலருங்க?" என்றேன், திரும்பாமல்.

"உங்க கைக்கு எது வருதோ அது."

கைக்கு வந்தது சாம்பல் நிறம், ஆரஞ்சுக் கரை. யாரும் பிரித்துக்கூடப் பார்த்திராத சேலை. அதை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியைப் பார்த்தபடியே சொன்னேன்.

"எக்ஸ்சேஞ்ச் இல்லைங்கம்மா."