ஓட்டையில்லாத பேட்டரி

என் காது மிஷினுக்குப் போடும் பேட்டரி ஒரு கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். அதை உரித்தால் அடியில் ஊசி முனை அளவு ஓட்டை தெரியும். அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பேட்டரி வேலை செய்யும். உரித்து, ஐந்து நிமிஷம் மேஜை மேல் வைத்திருந்து, பிறகு மிஷினில் போட்டு இடது காதில் மாட்டுவேன். ஒரு வாரம், பத்து நாள் ஓடும்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் என் வலது காதை முழுசாகவும் இடது காதைப் பாதியாகவும் கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து நான் அதிகமாகச் சொன்னது எது என்று கேட்டால், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்பதுதான். உத்திரமேரூரில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பேருக்கு. பட்டா மாற்றம், வருமானச் சான்று, முதியோர் பென்ஷன் என்று வருகிறவர்கள் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் மனு அடித்துக் கொடுப்பேன். பெயர், இனிஷியல், சர்வே நம்பர் எல்லாம் காதில் சரியாக விழ வேண்டும். விழாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

இந்த பேட்டரி எங்கள் ஊரில் கிடைக்காது. ஓரிக்கை தாண்டி காஞ்சிபுரம் போய், அங்கே ஒரே ஒரு கடையில் ஆறு பேட்டரி கொண்ட அட்டை வாங்கி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை நாள் கடைக்குப் பூட்டு. அந்த எரிச்சலில்தான் போனில் ஒரு வெளிநாட்டு ஆப்பைத் தோண்டினேன். அதே ஆரஞ்சு ஸ்டிக்கர், மொத்தம் அறுபது பேட்டரி, ஏறக்குறைய இரண்டு அட்டையின் விலைக்கு. "காது கேட்கும் கருவிக்கான அசல் பேட்டரி" என்று போட்டிருந்தான். ஒரு பெண் காதில் கை வைத்துச் சிரிக்கிற படம் வேறு. வருஷம் முழுக்க நிம்மதி என்று கார்டு நம்பரைத் தட்டிவிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, என் புத்திதான்.

ஒன்றரை மாதம் கழித்துப் பார்சல் வந்தது. காலையில் போட்ட முதல் பேட்டரி மத்தியானச் சாப்பாட்டுக்குள் நின்றுவிட்டது. இரண்டாவது மூன்று மணி நேரம். மூன்றாவதை உரித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. நாலாவதிலும் இல்லை. வரிசையாகப் பத்தை உரித்தேன், பத்தும் மொழுமொழு என்று இருந்தன. பொம்மைக்குப் போடுகிற சாதா பட்டன் பேட்டரி மேல் ஆரஞ்சு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பியிருக்கிறான். இல்லாத ஓட்டைக்கு ஒரு மூடி! ஒட்டினவனுக்கு இது காது கேட்காதவர்களுக்குப் போகிறது என்று தெரியாதா? தெரிந்துதானே ஒட்டினான்?

இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு தப்பும் நடந்துவிட்டது. பட்டா மனுவுக்கு வந்த ஒரு விவசாயி சர்வே நம்பர் சொல்லும்போது மிஷின் அணைந்து போயிருந்தது. வாயைப் பார்த்து அடித்தேன். எங்கள் பக்கம் எழுபதை "எயுவது" என்பார்கள், இருபதை "இருவது" என்பார்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். மறுநாள் அவர் கடை வாசலில் நின்று கத்தின கத்தல் மிஷின் இல்லாமலே எனக்குக் கேட்டது.

"நூத்தி எயுவதுன்னு சொன்னா நூத்தி இருவதுன்னு போட்டுக்கீற? அது எம் பங்காளி நெலம்மா! செவிட்டுப் பொம்பள கடைல வந்து குந்தினேன் பாரு, என்னச் சொல்லணும்!"

வேறு மனு அடித்து, கட்டணத்தை நானே கட்டி, கும்பிட்டு அனுப்பினேன். வரிசையில் நின்ற இரண்டு பேர் பேசாமல் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அன்றே காஞ்சிபுரம் போய் ஒரு அட்டை வாங்கினேன். ஆறு பேட்டரி. அந்த ஏமாற்றுக்காரன் காசைத் திருப்பித் தராமல் அடுத்த அட்டை வாங்குவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். வீம்புதான். கடை நேரத்துக்கு மட்டும் மிஷின், சாப்பாட்டு நேரத்திலும் வீட்டிலும் கழற்றி டப்பாவில். வீட்டில் டிவி வாயசைத்தது, குக்கர் ஆவி விட்டது, என் வீட்டுக்காரர் கையாட்டிப் பேசினார்.

ஆப்பில் புகார் எழுதினேன். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கோபமாக எழுதினேன்: அறுபதும் டூப்ளிகேட், என் பணம் வேண்டும். மறுநாள் பதில் வந்தது. ஆப்பே அதைத் தமிழாக்கிக் காட்டியது. "அன்பு நண்பரே, உங்களுக்கு இரட்டிப்பாகக் கிடைத்ததில் மகிழ்ச்சி. கூடுதல் பொருளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஐந்து நட்சத்திரம் தாருங்கள்."

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், என் காதுக்கே கேட்காமல். திரும்பவும் டூப்ளிகேட், டூப்ளிகேட் என்று இரண்டு தடவை எழுதினேன். புகாரையே மூடிவிட்டார்கள். "வாங்கியவர் பொருளை இருமுறை பெற்றதாக ஒப்புக்கொண்டார்" என்று காரணம்.

நாலு நாள் கழித்து ஒருத்தர் தொலைந்து போன மார்க் ஷீட்டுக்கு மனு அடிக்க வந்தார். "டூப்ளிகேட் மார்க் ஷீட்" என்று தலைப்பை அடித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். பத்து வருஷமாக இந்த வார்த்தையை நான் தினமும் அடிக்கிறேன். மனுவில் டூப்ளிகேட் என்றால் இன்னொரு நகல். கடைத்தெருவில் டூப்ளிகேட் என்றால் போலி. வெளிநாட்டுக்காரனிடம் நான் கடைத்தெரு இங்கிலீஷ் பேசியிருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரிக்கே நகலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

புகாரைத் திறக்க வைத்து, ஓட்டை உள்ள பழைய பேட்டரியையும் இல்லாததையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். இந்தத் தடவை அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் வேறு பேச்சு பேசினான். "படம் போதாது. கருவியில் சத்தம் கேட்கவில்லை என்பதை வீடியோவாக எடுத்து அனுப்பவும்." கேட்காத சத்தத்தை எப்படியடா வீடியோ எடுப்பது? போனைத் தூக்கி எறிந்திருப்பேன், ஜெராக்ஸ் மிஷின் குறுக்கே இருந்தது.

கார்டு கொடுத்த பேங்கில் புகார் செய்யலாம் என்று தெரிந்து, பாரம் நிரப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர், விசாரிக்கப் போன் வரும் என்றார். எனக்குக் காது கேட்காது, எழுத்தில் கேளுங்கள் என்றேன். "சிஸ்டம் அப்படித்தாம்மா" என்று உதட்டைப் பிதுக்கினார்.

போன் வந்தது ஒரு மத்தியானம். என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வரும்போது கடைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். மிஷின் டப்பாவில் இருந்தது. நான் கை கழுவப் போன நேரம் அவர் என் போனை எடுத்துப் பேசி முடித்துவிட்டார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் சிரித்தேன். இரண்டு நாளில் மெசேஜ் வந்தது. என் சம்மதத்தின் பேரில் புகார் முடிக்கப்பட்டதாம்.

அன்று சாயங்காலம், அவர் பதிலைக் கேட்பதற்காகவே வீட்டில் மிஷினை மாட்டினேன்.

"போன்ல இன்னா சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு தன்மையா பேசிச்சு. 'பிரச்சினை தீந்துச்சா சார்'னு கேட்டுது. பரவால்லம்மா, வுடுங்கன்னேன். சின்ன மேட்டர்தான? அதுவும் பாவம் வேல பாத்துக்கினு கீது."

"பரவால்லன்னு சொல்றதுக்கு அது உங்க காதா?"

"ஏன் இப்டி பேஜார் பண்ற? எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்."

நல்ல மனுஷர்தான். யாரோடும் சண்டை போடமாட்டார். உரக்கடைக்காரன் எடையில் ஏமாற்றினாலும் பரவால்ல, தண்ணி முறையைப் பக்கத்து நிலத்துக்காரன் பிடுங்கிக்கொண்டாலும் பரவால்ல. அவர் நிலத்துக்கு அவர் சொல்லிக்கொள்ளட்டும். என் காதுக்கும் சேர்த்து அவர் பரவால்ல சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விற்றவன் மேல் வந்ததை விட அதிகமான கோபம் அவர் மேல் வந்தது. அன்று இரவு சோற்றைப் போட்டுவிட்டு மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தேன்.

மறுநாள் அட்டையில் கடைசி பேட்டரியை உரித்து மாட்டிக்கொண்டு தனியாக பேங்குக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "கூட யாரும் வர்லயா?" இந்த ஒரு கேள்விக்கு எனக்கு மிஷினே வேண்டாம். பதினைந்து வருஷமாகப் பார்த்த வாயசைவு.

"நான்தான் வந்துக்கீறேன் சார்" என்றேன்.

உங்கள் கணவர் சம்மதித்துவிட்டாரே என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அதன் கீழேயே நான் எழுதினேன்: கணக்கு என் பேரில், காதும் என்னுடையது. பிறகு பார்சலில் வந்ததில் ஸ்டிக்கர் உரிக்காத ஒரு பேட்டரியை அவர் மேஜை மேல் வைத்து, நீங்களே உரியுங்கள் என்றேன். நகத்தால் உரித்தார். பக்கத்தில் ஓட்டை உள்ளதை வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவர் அடிக்க அடிக்க நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் டூப்ளிகேட் என்று அடித்தார். அழிக்கச் சொல்லி, போலி என்பதற்குச் சரியான இங்கிலீஷ் வார்த்தையை அடிக்க வைத்தேன்.

பணம் வருவதற்குள் அந்தக் கடைசி பேட்டரியும் தீர்ந்துபோனது. ஒன்பது நாள் சொல்லச் சொல்ல அடிக்கவில்லை, எழுதிக் கொண்டுவந்தால் மட்டும் அடித்துக் கொடுத்தேன். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். பத்தாம் நாள் மெசேஜ் வந்தது, முழுப் பணமும் ஏறிவிட்டது. வீட்டுக்காரருக்கு அதை மெசேஜ் போட்டு, கடையைப் பூட்டிவிட்டு காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஒன்றை உரித்து, உள்ளங்கையில் ஐந்து நிமிஷம் வைத்திருந்து, மாட்டிக்கொண்டேன். கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் என் தம்பி. நான் வந்தது தெரிந்தாலும் அவர் குரலைக் குறைத்திருக்கமாட்டார். வீட்டில் நான் மிஷின் போடமாட்டேன் என்பது அவருக்குப் பழகிவிட்டது.

"துட்டு வந்துச்சு மச்சான். உங்கக்காவுக்கு இன்னா தெரியும், சும்மா கத்திக்கினு கெடந்துச்சு. நான்தான் பேங்க்ல தன்மையா பேசி வாங்கிக் குடுத்தேன்."

நான் சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். முடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினேன். போன் அவர் காதிலேயே இருந்தது.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன்.