கேப்டன் படுத்துத் தூங்கிய மத்தியானம்

போன மாதம் ஒரு மத்தியானம். ஆஸ்பத்திரியில் கடைசி ஆளுக்குக் காய்ச்சல் மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பினேன். லாயத்துக் காதர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டிரஸ்ஸரய்யா, கேப்டன் போயிருச்சுங்க. தரையில நீட்டி விழுந்து கெடக்குது."

கேப்டன் எங்கள் தோட்டத்துத் துரையின் குதிரை. ஜொகூரில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். படித்ததெல்லாம் மனித வைத்தியம். ஆனால் தோட்டத்தில் மாட்டுக்கு வயிறு உப்பினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்!

துரையிடம் முன்பு இரண்டு குதிரைகள் இருந்தன. மோட்டார் கார் வந்தது. ஒன்றைச் சிங்கப்பூருக்கு விற்றுவிட்டார். கேப்டனை விற்க மனசு வரவில்லை... வைத்துக்கொண்டார். ஏறத்தான் ஆளில்லை.

அதற்குப் பிறகுதான் அதன் போக்கு மாறியது. லாயத்துக் கதவின் மேல்பலகையைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தை வளைத்து, 'ஹக்' என்று காற்றை விழுங்கும். பலகை நடுவில் தேய்ந்து குழிந்தே போய்விட்டது. பல் சலித்தால் தலையாட்டம். இடது, வலது, இடது, வலது... நாளெல்லாம். சலிப்பு மனிதனுக்கு மட்டுமே வரும் நோய் என்று யார் சொன்னது? வேலையில்லாத குதிரையை ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அந்தச் சாக்கில் நானும் அடிக்கடி லாயத்துக்குப் போக ஆரம்பித்தேன். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? மூன்று கால்கள் பாரத்தைத் தாங்கும். நான்காவது கால், பின்னங்காலில் ஒன்று, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி ஓய்வெடுக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றிக்கொள்ளும். கீழுதடு தொங்கும். கண் பாதி மூடும். ஒரு ஆள் உயரத்துக்கு மேலான உடம்பு, எதன் மேலும் சாயாமல், தன் எலும்புகளையே கட்டிலாக்கிக்கொண்டு தூங்கும். முதல் தடவை பார்த்தபோது நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

ஆனால் கேப்டனின் தூக்கத்தில் ஏதோ கோளாறு இருந்தது. கண் சொருகிக்கொண்டே போகும். தலை தாழும். திடீரென்று முன்னங்கால்கள் இரண்டும் மடங்கும். முட்டி தரையில் மோதியதும் திடுக்கிட்டு எழுந்து, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும். மறுபடி கண் சொருகும். மறுபடி விழும். முட்டியெல்லாம் புண். நான்தான் கழுவிக் கட்டினேன். கட்டிய துணியின் மேலேயே மறுபடி விழுந்தது.

ஜொகூர் பாருவிலிருந்து மிருக வைத்தியர் ஒருவர் வந்து மார்பில் காது வைத்துப் பார்த்தார். இருதயம் பலவீனப்பட்டிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார். துரை கேப்டனின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "சனிக்கிழமை நானே சுட்டுடுவேன். வேற யாரும் வேணாம்" என்று தமிழிலேயே காதரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

அதோடு காதர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. இங்கே கேப்டன்தான்.

இந்த நேரத்தில்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் புலி வந்தது. இரண்டு ஆடுகளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலையிடம் மிச்சம் ஒரே ஒரு ஆடு. கறுப்பு முகம், வெள்ளை உடம்பு. அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அந்தம்மா நேராக லாயத்துக்கு வந்து நின்றார்.

"பாய், ஒங்க லாயத்துக் கதவுதான் கெட்டியா இருக்கு. புலி போற வரைக்கும் இதை உள்ள கட்டிக்கிறேன்."

"குதிரை மிதிச்சுப்புட்டா என்னைக் கேக்கக் கூடாது."

"புலி தின்னா மட்டும் யாரைக் கேக்கப் போறேன்?"

ஆட்டை உள்ளே கட்டினார்கள். இரண்டு நாள் கேப்டன் அதை மோந்து பார்ப்பதும், அது கேப்டனின் புல்லைத் திருடுவதுமாகப் போயிருக்கிறது. மூன்றாம் நாள் மத்தியானம்தான் காதர் என்னிடம் ஓடி வந்தார்.

போய்ப் பார்த்தேன். கேப்டன் பக்கவாட்டில் நீட்டிக் கிடந்தது. கழுத்து வைக்கோலில் நீண்டு, நான்கு கால்களும் ஒரே பக்கமாக... செத்த குதிரை எப்படிக் கிடக்குமோ அப்படியே. வயிற்றோடு ஒட்டி நின்று ஆடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

மண்டியிட்டு விலாவில் கை வைத்தேன். சூடு. கை மெதுவாக மேலே எழுந்தது... இறங்கியது.

அப்போது குளம்பு ஒன்று அசைந்தது. அடுத்தது இன்னொன்று. பிறகு நான்கும். கிடந்த இடத்திலேயே கேப்டன் ஓடியது! மூக்குத் துவாரம் விரிந்தது. மூடிய இமைக்குள் கண்மணி உருண்டது. மூடிய வாய்க்குள்ளிருந்து கனைப்பு ஒன்று கேட்டது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து குட்டிக் குதிரையின் குரல்.

எங்கே ஓடியது? யாரோடு? என் கை இன்னும் அதன் விலாவில் இருந்தது. எத்தனையோ உயிர்களைத் தொட்ட கை. ஆனால் ஒரு கனவைத் தொட்டதில்லை.

"உசுரு இருக்குதுங்களா?" காதர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"தூங்குது பாய். கனவு காணுது."

காதர் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பழைய ஜோடி இருந்தப்ப இப்படித்தான் படுக்கும். அது போனதுக்கு அப்புறம் படுத்து நான் பாக்கவே இல்லையே. வயசாச்சு, முட்டி வலின்னு நெனச்சேன்."

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, துரையின் கார் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம். யோசிக்க நேரமில்லை. நான் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்றேன்.

எங்கள் தோட்டத்தில் துரையைப் பார்த்து யாரும் உஷ் சொன்னதில்லை. விரலை எடுக்கவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் தைரியமில்லை. துரை நின்றார். தொப்பியைக் கழற்றினார். நுனிக்காலில் நடந்து வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"டிரஸ்ஸர், சாகுதா?"

"இல்லைங்க தொரை. தூங்குது. இத்தனை மாசமாத் தூக்கம் இல்லாமத்தான் விழுந்துக்கிட்டு இருந்திருக்கு போல."

துரை வெகுநேரம் அந்தக் கால்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிசுகிசுத்தார்: "இந்த ஆடு யாரு?"

யோசித்துப் பார்த்தால், சரியான கேள்விதான். ஓடிப் பிழைக்கிற ஜாதி குதிரை. படுத்துவிட்டால் எழுந்து ஓட நேரம் பிடிக்கும். அதனால் அரைத் தூக்கத்தை நின்றுகொண்டே முடித்துக்கொள்ளும். முழுத் தூக்கத்துக்கு உடம்பை மண்ணில் கிடத்த வேண்டும்... பக்கத்தில் வேறொரு ஜீவன் விழித்திருந்தால்தான் அதற்கு மனசு வரும் போலிருக்கிறது. கேப்டன் சலிப்பில் பலகையைக் கடித்ததும் தனிமையில்தான், தூங்காமல் விழுந்ததும் தனிமையில்தான். அதற்குப் போய்த் துப்பாக்கியால் வைத்தியம் பார்க்க இருந்தோம்.

சனிக்கிழமை வந்தது, போனது. துப்பாக்கி பங்களாவிலேயே இருந்தது. முட்டிப் புண் ஆறிக்கொண்டு வருகிறது. தலையாட்டம் குறைந்திருக்கிறது. பலகை கடிப்பது மட்டும் இன்னும் விடவில்லை. பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா?

ஆட்டை விலைக்குக் கேட்டு ஆளனுப்பினார் துரை. அஞ்சலை மறுத்துவிட்டார்.

"ஆட்டை விக்க மாட்டேன். வேணும்னா ஒங்க குதிரை என் ஆட்டோட இருந்துட்டுப் போகட்டும்னு தொரைகிட்டச் சொல்லுங்க."

துரை சரி என்றுவிட்டார்.

நேற்று மத்தியானம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆடு சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் கேப்டன், காதுகளை விறைத்துக்கொண்டு, என்னை முறைத்துப் பார்த்தபடி நின்றது. சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.